பழைய கல் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்
மொரிசியஸில் கரும்பாலைக் காலத்துக் கல் கட்டடத்தை விடுமுறை வீடாக்கும்போது இடுக்குகளில் சிமெண்ட் அடைக்காதீர்கள். எரிமலைக் கருங்கல் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. சுவருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற இடுக்குதான் வழி. அதை அடைத்தால் உள்பூச்சு உப்புப் பூத்து உதிரும்.

பழைய காரையை 25 மி.மீ. ஆழம் உளியால் சுரண்டுங்கள். வெட்டும் கிரைண்டர் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சுவருக்குள் புகுந்த ஆலமர வேரை அறுத்துவிடுங்கள். இழுத்தால் கல்லும் கூடவே வரும். சுவரை நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிச் சலித்த குவாரி மணல் 3 பங்கு கலந்து அழுத்தி நிரப்புங்கள். கடல் மணலைத் தொடவே வேண்டாம், உப்பும் விடாது, சட்டமும் விடாது. ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கட்டும். சீக்கிரம் காய்ந்த காரை விரல் பட்டாலே பொடியும். நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.