ஒளிச்சிப் ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி: மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு

சென்னை ஐஐடியின் கோடைக்கால ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒளி எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மீப் (Meep) மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். எம்ஐடியில் உருவானது, இலவசம்.

தொடங்க ஒரு வளைய ஒத்ததிர்வி, அதாவது குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் தன்னுள் சிக்கவைக்கும் ஒளிப்பாதை வளையம், போதும். 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் பாதையை 10 மைக்ரோமீட்டர் ஆரத்தில் வளைத்து, பக்கத்தில் ஒரு நேர்ப்பாதை வையுங்கள். 1550 நானோமீட்டரை ஒட்டி, வளையத்தில் சிக்கும் அலைநீளங்களில் மட்டும் நேர்ப்பாதையிலிருந்து வெளிவரும் ஒளி சரிந்து, வரைபடத்தில் பள்ளங்களாகத் தெரியும். அந்தப் பள்ளங்களின் இடைவெளியை முதலில் கையால் கணக்கிடுங்கள்: அலைநீளத்தின் வர்க்கத்தை, குழுக் குறியீட்டெண்ணையும் (பாதையில் ஒளித்துடிப்பு எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்று சொல்லும் எண்) வளையச் சுற்றளவையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். குறியீட்டெண் 4.2 என்றால் சுமார் 9 நானோமீட்டர் வரும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்த வரைபடம் ஒன்றையே இணையுங்கள். கூடவே, அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து எழுந்த ஒரு கேள்வி. மதிப்பெண் பட்டியல் பிறகு.

ஆய்வகத்துக்குள் போனதும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். என் அளவீட்டில் பள்ளம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழை நழுவுகிறது என்று இரண்டு நாள் தேடினேன். ஒரு டிகிரி சூடானால் சிலிக்கான் வளையத்தின் பள்ளம் ஏறத்தாழ 0.07 நானோமீட்டர் நகரும். ஏசி நின்று நின்று ஓடியதுதான் காரணம்.