அக்ரிமென்ட் போட்டவர் வரலன்னா வீட்டைப் பூட்டி வைக்காதீங்க

ஊட்டி பக்கம் வாடகைக்கு விடுற ஓனருங்க நிறைய பேரு, 11 மாசத்துக்கு கையெழுத்து போட்டாச்சு, ஆள் வரலன்னாலும் 11 மாச வாடகையும் அவர்தான் தரணும்னு வீட்டை அப்படியே பூட்டி வச்சிடுறாங்க. இதுதான் பெரிய தப்பு. 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 73வது பிரிவுப்படி நமக்கு நிஜமா ஆன நஷ்டம்தான் கிடைக்கும், அந்த நஷ்டத்தைக் குறைக்க நமக்கு என்ன வழி இருந்துச்சுன்னும் கோர்ட்டு பாக்கும். அதுவும் இங்க ஜூன் ஜூலை சாரல்ல பூட்டிக் கிடக்குற வீட்டுல செவுத்துல ஓதம் ஏறி, அலமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிச்சு, மரக்கதவு ஊறி சாத்தவே வராது, அந்த செலவும் நம்ம தலையிலதான் விழும்.

ஒரு கணக்கு பாருங்க. வாடகை 15,000, அட்வான்ஸ் 45,000, ஜூன் 1 வரேன்னவர் மே கடைசில கழண்டுக்கிறார். நீங்க உடனே புரோக்கர்கிட்ட சொல்லி ஜூலை 1ல 14,000க்கு வேற ஆள் வச்சா, ஜூன் வாடகை 15,000, மிச்ச 10 மாசத்துக்கு ஆயிரம் ஆயிரமா 10,000, ஆக 25,000 நஷ்டம். ரெண்டாவது கமிஷன் குடுத்திருந்தா ரசீதோட அதையும் சேர்த்துக்கலாம். அதை அட்வான்ஸ்ல கழிச்சுட்டு மீதியைத் திருப்பிக் குடுத்துடுங்க. அட்வான்ஸ் மொத்தமும் எனக்குத்தான்னு அக்ரிமென்ட்ல எழுதியிருந்தாலும், 74வது பிரிவுல நியாயமான தொகைதான் நிக்கும், எழுதினதுக்கு மேல போகவே போகாது. சீசனுக்கு டூரிஸ்டுக்கு விட்டிருந்தா லட்சம் வந்திருக்கும்னு கேக்குறதும் எடுபடாதுங்க, கையெழுத்து போடும்போதே அவருக்கும் அது தெரிஞ்சிருந்தா தவிர.

வேற ஆள் வைக்கிறதுக்கு முன்னாடி, எனக்கு வீடு வேண்டாம்னு அவர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க, வாட்ஸ்அப்லயாவது. போன்ல சொன்னாருன்னு நம்பி விட்டா நாளைக்கு அவரே சாமானோட வந்து நிப்பாரு. சாவி வாங்கி சாமான் இறக்கிட்டுப் போனவர்னா இன்னும் ஜாக்கிரதை, நீங்களா பூட்டை உடைக்கிறது, கரண்ட் தண்ணி கட் பண்றது எதுவும் கூடாது, தமிழ்நாடு வாடகைச் சட்டமே கரண்ட் தண்ணியை நிறுத்தக்கூடாதுங்குது.

2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்துல அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், ரென்ட் அத்தாரிட்டிகிட்ட, அதாவது வாடகை விஷயத்துக்குன்னு இருக்குற அரசு அதிகாரிகிட்ட பதியணும். பலரும் ஸ்டாம்ப் பேப்பரோட நிறுத்திக்கிறாங்க. பதிஞ்சிடுங்க, பிரச்சனை வந்தா ரெண்டு பேருக்குமே அதுதான் கைகுடுக்கும். பேசித் தீரலன்னா வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க, ஒப்பந்தம் மீறின நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும்.