கச்சான் காலத்தில் மட்டக்களப்பைத் தனியே சுற்றிப் பார்க்க

வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மட்டக்களப்பில் மேற்கிலிருந்து வீசுவது கச்சான். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறி இந்தப் பக்கம் வருகிறது. தனியே ஊர் சுற்றுபவர் ஏமாறுவது இந்தக் காற்றில்தான். கொழும்பில் சட்டை நனைந்து ஒட்டும். அதைக் கண்டே தண்ணீர் தேடுவோம். இங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துபோகும், உடம்பு வறள்வது தெரியாது. “முகம் வாடிக் கிடக்கு, கொஞ்சம் இருங்க” என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் மணிக்கூட்டைப் பார்த்துக் குடியுங்கள்: அரை மணிக்கொரு தடவை ஒரு கோப்பை, ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்.

ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று போதும். கடை கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். நாள் முழுக்க வெறும் தண்ணீரே குடித்தால் உப்புக் குறைந்து கால் பிடிக்கும், தலை வலிக்கும். ஜீவனி (நீரேற்ற உப்புத் தூள்) பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து மத்தியானத்துக்குள் முடியுங்கள். இல்லையென்றால் ஒரு லீற்றருக்கு 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் தேசிக்காய்த் தண்ணி கேட்டால் உப்பும் போடச் சொல்லுங்கள். சோடாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சிறுநீரக நோய், பிரசர் உள்ளவர்கள் உப்புக் கரைசலைப் பற்றி வைத்தியரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலர், முக்கியமாகப் பெண்கள், குடிக்காமல் விடுவதற்குக் காரணம் மலசலகூடம். காலையில் பஸ் நிலையம் அல்லது புகையிரத நிலையம், பகலில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை என்று இரண்டு இடங்களை முதலே மனதில் குறித்துவிடுங்கள். சில்லறையும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். அந்தக் கவலை தீர்ந்தால் தண்ணீர் தானாக இறங்கும்.

உடுப்பு: தொளதொளத்த பருத்தி, முழுக்கை. குடை நல்லதுதான், ஆனால் கச்சான் உரத்து வீசும் நாளில் கல்லடிப் பாலத்தில் அது மறுபக்கம் விரிந்துவிடும். நாடி வார் உள்ள தொப்பிதான் நிற்கும்.

நாளை இரண்டாக வெட்டுங்கள். முதல் பாதி 6 மணிக்கு முன் தொடங்க வேண்டும். கல்லடிக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்த்துவிட்டு, 2004 சுனாமியில் சரிந்த திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தையும் பாருங்கள். சுவாமி விபுலாநந்தரின் (1892–1947) சமாதியும் கல்லடியில்தான். பிறகு வாவியைக் கடக்கும் பாலம். 2013இல் திறந்த புதுப்பாலத்தை வாகனங்களுக்கு விட்டுவிட்டு, அருகில் உள்ள பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலத்தில் நடக்கலாம். அதில் ஒரு துளி நிழலும் கிடையாது. 8 மணிக்குள் கடந்துவிடுங்கள். பகலில் அந்தக் கம்பியில் கை வைக்க முடியாது. மட்டக்களப்பு வாவியில் கேட்பதாகச் சொல்லும் ‘பாடும் மீன்’ ஓசையைப் பகலில் தேட வேண்டாம். அது இரவு வேலை: நிலாக் காலத்தில் தோணியில் போய், தண்ணீருக்குள் விட்ட துடுப்பின் மறுமுனையில் காது வைத்துக் கேட்பது.

அடுத்தது புளியந்தீவு, வாவி சூழ்ந்த பழைய நகரப் பகுதி. இடம் சிறியது, நடந்தே முடிக்கலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டத் தொடங்கி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, புனித மரியாள் பேராலயம், வாவியோரத்துக் காந்தி பூங்கா, இவ்வளவும் 10.30க்குள். வடக்குத் தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குப் பக்க ஓரத்தில் நடந்தால் கட்டட நிழல் உங்கள் மேல் விழும். பின்னேரம் மேற்கு ஓரம். ஆனி ஆடியில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் உச்சியிலும் உயர்ந்த மதிலின் தெற்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஒதுங்குமளவு நிழல் கிடைக்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் அதுவும் இல்லை, சூரியன் நேரே தலைக்கு மேல்.

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலும் பார்க்க வேண்டுமென்றால் வேறெதையாவது விட்டுவிட்டுக் காலையிலேயே ஆட்டோவில் போங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். வெறுங்காலோடு வெளிவீதி மணலில் கால் வைத்தால் கொப்புளம்தான்.

11 முதல் 3.30 வரை வெளியில் வேலை இல்லை. மெல்லச் சாப்பிடுங்கள். வயிறு முட்டச் சோறும் இறைச்சியும் வேண்டாம். சோறு, மரக்கறி, மீன், கடைசியில் எருமைத் தயிர். பிறகு பொது நூலகத்தில் உட்காரலாம், அல்லது கல்முனை பஸ்ஸில் ஏறிக் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலைக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடிக் கடைகள் பூட்டியிருக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அரச இடங்களை நம்பிப் போக வேண்டாம்.

4 மணியளவில் கடற்காற்று ஏறும். அப்போது முகத்துவாரம், 1913இல் கட்டிய வெளிச்சவீடு. ஆட்டோக்காரரிடம் போகவர ஒரே விலையாகப் பேசி, திரும்ப ஏற்ற வரும் நேரத்தையும் சொல்லி அனுப்புங்கள். தனியே கடலில் இறங்க வேண்டாம், வாவியில் முதலை உண்டு. 6.20 அளவில் பொழுது படும். அதற்கு முன் நகரத்துக்குள் வந்துவிடுங்கள்.

தலைச்சுற்று, குமட்டல், குளிர்ந்து பிசுபிசுக்கும் தோல் என்றால் நிழலில் சாய்ந்து, கால்களை உயர்த்தி, கழுத்தையும் அக்குளையும் நனைத்து, உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். அரை மணியில் தெளியாவிட்டால் அன்றைய சுற்று முடிந்தது, வைத்தியசாலைக்குப் போங்கள். உடம்பு கொதித்துப் பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்த நிலையில் தொலைபேசியை எடுக்கும் புத்தியே இருக்காது, ஆகவே முதல் அறிகுறியிலேயே பக்கத்துக் கடைக்காரரிடம் “அண்ணன், தலை சுத்துது, என்னைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க” என்று சொல்லிவிடுங்கள். வீட்டார் இலக்கத்தைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், வெயிலில் சூடேறிய போன் தானே நின்றுவிடும். அம்புலன்ஸுக்கு 1990, கட்டணம் இல்லை. இடம் சொல்லும்போது பாலத்தின் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.