இறப்புப் பதிவு தேடும்போது நெல்லைச் சீமையில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

மானூர் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இறந்துபோகிறார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து ஊர் மயானத்தில் அடக்கம் செய்கிறார்கள். பட்டா மாற்றும் நேரம் வரும்போது பிள்ளைகள் ஊர் வி.ஏ.ஓ.விடம் போய் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவரிடம் அந்தப் பதிவே இருக்காது. இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளரிடம்தான் அது பதிவாகும். சொந்த ஊர், ரேஷன் கார்டு முகவரி, அடக்கம் நடந்த இடம் எதுவும் இதில் கணக்கில்லை. இந்த ஒன்று பிடிபடாததால்தான் பாதி அலைச்சல். மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்து கிளைத்தவையே.

வீட்டிலேயே இறப்பு நேர்ந்தால், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் அந்தந்த அலுவலகச் சுகாதாரப் பிரிவிலும் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்தால் தெரிவிக்கும் கடமை மருத்துவமனையுடையது. வழியில் இறந்தால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அம்பையிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி, ஐகிரவுண்ட் வாசலில் ‘வரும்போதே உயிர் இல்லை’ என்று சொல்லிவிட்டால், மருத்துவமனை பதிவுக்கு அனுப்பியிருக்கும் என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். ஊரிலும் யாரும் சொல்வதில்லை. கடைசியில் எங்குமே பதிவாகாமல் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இறப்புகள்தான். அன்றைக்கே, ‘இதை யார் பதிவுக்கு அனுப்புகிறீர்கள்?’ என்று கேட்டுவிட வேண்டும்.

மும்பையில் இறந்தவருக்கு மும்பை மாநகராட்சி, சென்னையில் இறந்தவருக்குச் சென்னை மாநகராட்சி. வளைகுடா நாட்டில் இறந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் அங்குள்ள இந்தியத் தூதரகப் பதிவும்தான் ஆவணம். உடல் இங்கே வந்து அடக்கமானாலும் ஊர் வி.ஏ.ஓ. அதைப் பதிய முடியாது.

பதினாறு கழியட்டும் என்று இருப்பது

21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. நம் பக்கத்தில் பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை காகித வேலையை யாரும் தொடுவதில்லை. அதன் பிறகு மிஞ்சுவது 5 நாள். அதில் ஒரு சனி, ஞாயிறு வந்துவிட்டால் தவணை போச்சு. 21 நாளுக்கு மேல் 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடியும். 30 நாள் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் கட்டணத்தோடு மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு முதல் வகுப்பு நடுவர் என்று சட்டத்தில் இருந்த இடத்தில், இப்போது மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் (கோட்டாட்சியர்தான்), அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவர் என்று இருக்கிறது. ‘கோர்ட்டுக்குத்தான் போகணும்’ என்று இன்னமும் சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். விசேஷத்துக்கு வரும் உறவுக்காரர் யாரிடமாவது முதல் வாரத்திலேயே இந்த வேலையை ஒப்படைத்துவிட்டால் நல்லது.

பெயர்

பிழை நுழையும் வாசல் மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு. நடு ராத்திரியில் நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருப்பார். சீட்டில் ‘பேச்சி’ என்று ஏறியிருக்கும். ஆதாரில் ‘பேச்சியம்மாள்’. வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து, நிலப் பத்திரத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. சுடலைமுத்து, இசக்கி, பிச்சையா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரே எழுத்து மாறினாலும் வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே உடலைப் பெறும் முன்பே, இறப்பு அறிக்கையில் (படிவம் 2) பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தாயார் பெயர், நிரந்தர முகவரி நான்கையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய காரியமல்ல இது. நிதானமுள்ள ஒருவர் செய்ய வேண்டியது. சொத்துப் பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால், ‘இசக்கிமுத்து என்ற முத்து’ என்று இரண்டையும் போடும்படி அந்தச் சமயத்திலேயே ஆவணத்தைக் காட்டிக் கேட்பது பின்னால் வரும் பெரிய வில்லங்கத்தைத் தவிர்க்கும்.

பிழை ஏறிவிட்டால் புதிதாக ஒரு பதிவு போட முயலக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு இறப்புப் பதிவு என்பது தீராத தலைவலி. எழுத்துப்பிழை என்றால் பதிவாளரே திருத்தலாம். விவரமே தவறு என்றால், விஷயம் தெரிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழியும் ஆவணங்களும் கேட்பார்கள். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையொப்பமிடுவார்கள். பிழையான சான்றிதழை வைத்தே வாரிசுச் சான்றிதழும் வாங்கிவிட்டால் இரண்டையும் திருத்த வேண்டி வரும். ஆகவே முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

தேதி

‘வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு உயிர் போச்சு’ என்பார்கள். பதிவேட்டில் அது சனிக்கிழமைத் தேதி. நாம் விடியும்வரை முந்தின நாளாகவே எண்ணுகிறோம். பதிவேட்டுக்கு நள்ளிரவு 12 மணியோடு நாள் மாறிவிடும். தேடல் மனுவில் ஒரே தேதியை அடித்துச் சொல்லாமல் முன்பின் இரண்டு மூன்று நாளையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லறையிலோ நினைவு அஞ்சலி நோட்டீசிலோ இருக்கும் தேதி சில நேரம் அடக்கம் செய்த தேதியாகவும் இருக்கும்.

பழைய இறப்புகளுக்கு வீட்டில் கிடைக்கும் தகவல் திதியும் தமிழ் மாதமும்தான். சில ஏடுகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். நம் பக்கத்துக் கணக்கில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1130 மாசி என்றால் 1955 பிப்ரவரி–மார்ச். எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டினால் கார்த்திகையில் இறந்தவரை அடுத்த வருஷப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணம் தனி என்பதால், தோராயமாகப் பத்து வருஷம் எழுதிக் கொடுப்பதைவிட வீட்டிலேயே கணக்கைச் சுருக்கிக்கொண்டு போவது மேல்.

இணையத்தில் இல்லை என்றால் பதிவே இல்லை என்று முடிவு கட்டுவது

மாநில இணையத் தளத்தில் தேடக் கிடைப்பவை 2018 ஜனவரிக்குப் பிந்தைய பதிவுகள். அதற்கு முந்தியவை அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்திலோ தாள் பதிவேட்டிலோ இருக்கும். கிராமப் பதிவேடுகள் வி.ஏ.ஓ.விடம் நெடுங்காலம் இருப்பதில்லை. தாலுகா அலுவலகத்துக்குப் போய்விடும். பழையவை பத்திரம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கும். இந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாலுகாவில் ‘புத்தகம் செல்லரித்துப் போச்சு’ என்று கைவிரித்தாலும், அங்கே ஒரு முறை மனுப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். பதிவேடு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். நாம் சொல்வது குக்கிராமத்தின் பெயர். புதூர், புதுக்குளம் என்ற பெயரில் இந்தச் சீமையில் ஊர்கள் பல. பட்டாவையோ பழைய தீர்வை ரசீதையோ பார்த்து வருவாய்க் கிராமத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எல்லைகள் மாறியதும் சிக்கல். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் சேர்ந்து மாநகராட்சியானது 1994-இல். அதற்கு முந்திய பதிவைக் கேட்கும்போது பழைய நகராட்சியின் பெயரைக் குறிப்பிட்டால்தான் எந்த அலமாரி என்று தெரியும். ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், கோவில்பட்டிப் பகுதிகள் 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயின. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர். அதற்கு முந்திய பதிவை நெல்லைப் புத்தகங்களில் தேடிப் பயனில்லை. 2015-இல் தென்காசியில் இறந்தவரின் சான்றிதழில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருந்தால் அது பிழையல்ல. திருத்தக் கேட்டு மனுப் போட வேண்டாம்.

பதிவே இல்லை என்றால்

முதலில் வாங்க வேண்டியது ‘பதிவு இல்லை’ என்ற சான்று, படிவம் 10. இதை விட்டுவிட்டு நேராகக் கோட்டாட்சியர் அலுவலகம் போனால் மனு திரும்பி வரும். சான்றை இறப்பு நடந்த இடத்தில் வாங்க வேண்டும். சொந்த ஊரில் வாங்கி வந்தால் செல்லாது. அதேபோல, நாங்குநேரிக்காரர் பாளையங்கோட்டையில் இறந்திருந்தால் திருநெல்வேலிக் கோட்டம்தான். நாங்குநேரிக்குரிய கோட்டமான சேரன்மகாதேவியில் மனுக் கொடுத்தால் அங்கிருந்து திருப்பிவிடுவார்கள். மனுவோடு உறுதிமொழிப் பத்திரம், மருத்துவச் சீட்டுகள், மயான ரசீது, அடையாள ஆவணங்கள் வைக்க வேண்டும். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள். தேவாலய அடக்கப் பதிவேட்டு நகல், ஜமாத் மையவாடிக் கடிதம் இரண்டும் இங்கே நல்ல சாட்சியம். ஆனால் அவற்றையே சான்றிதழாக வங்கியில் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

கடலில் காணாமல் போனவருக்கு, உடல் கிடைக்காத நிலையில், பொதுவாக 7 ஆண்டு தகவல் இல்லை என்று காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற வேண்டும். உவரி, இடிந்தகரைக் குடும்பங்கள் போலீஸ் புகார் நகலைத் தொலைக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த 7 ஆண்டைக் காட்ட, புகார்த் தேதி பெரிய துணை.

வாங்கிய காகிதம் எது என்று பார்ப்பது

மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்று வேறு, இறப்புச் சான்றிதழ் வேறு. சான்றிதழில் இறப்புக் காரணம் இருக்காது. சட்டமே அதை வெளியிடக் கூடாது என்கிறது. ‘காரணம் போடவில்லை’ என்று பதிவாளரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. காப்பீட்டுக்குக் காரணம் வேண்டுமென்றால் மருத்துவமனையில் கேளுங்கள்; காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது. வாரிசுச் சான்றிதழ் இன்னொன்று. அதைத் தருபவர் வட்டாட்சியர், அதற்கு இ-சேவை வழி மனு, கையில் இறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் அது நகரும்.

பதிவானதும் முதல் சான்றிதழ் இலவசம். 7 நாளுக்குள் தர வேண்டும். கியூ.ஆர். குறியீடு உள்ள சான்றிதழை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்செடுக்கலாம் என்பதால், பத்து நகலுக்குப் புரோக்கரிடம் பணம் கொடுக்கத் தேவையில்லை. அவர் கொண்டுவந்த சான்றிதழாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் உங்கள் போனிலேயே அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து, பெயரும் பதிவு எண்ணும் அரசுத் தளத்தில் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். பழைய கையெழுத்துச் சான்றிதழ் என்றால் லேமினேஷன் போடாதீர்கள். முத்திரையையும் மையையும் சரிபார்க்க முடியாது என்று சில அலுவலகங்களில் அதை வாங்க மறுப்பார்கள்.