துண்டு துண்டாகப் போன குறுஞ்செய்தி: என் அனுபவம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் மாணவர்கள் எஸ்எம்எஸ்ஸில் கேட்கும் கேள்விகளுக்கு, சிம் மோடம் மாட்டிய கணினியிலிருந்து பதில் அனுப்புகிறோம். சில பதில்கள் மட்டும் இரண்டு மூன்று துண்டாக, முன்பின் மாறிப் போய்ச் சேர்ந்தன. அலமாரி எண் முதலில், புத்தகத்தின் பெயர் கடைசியில்!

சிக்னல் கோளாறு என்று மோடத்தை ஜன்னலோரம் வைத்தோம். சிம்மை மாற்றினோம். பதிலை 100 எழுத்துக்குள் சுருக்கியும் பார்த்தோம். பலனில்லை.

அப்புறம் ஒழுங்காகப் போனதையும் உடைந்ததையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். உடைந்ததில் எல்லாம் நூற்பட்டியலிலிருந்து நகலெடுத்த தலைப்பு. அதில் வளைந்த மேற்கோள் குறி, இல்லாவிட்டால் நீளக் கோடு. ஆங்கிலச் செய்தியில் 160 எழுத்து போகும். இப்படி ஒரே ஒரு குறி நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறிமுறை) மாறி, வரம்பு 70 ஆகிவிடுகிறது. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இப்போது தலைப்பை நோட்பேடில் ஒட்டி, அந்தக் குறிகளைச் சாதாரணக் குறிகளாக மாற்றிய பிறகே அனுப்புகிறோம். ஒரே செய்தியாகப் போகிறது. அப்பாடா!

தமிழில் பதில் எழுதுவோருக்குப் பொதுவாக 70தான். துணைக்காலும் புள்ளியும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் வரும். ‘நூலகம்’ நான்கு எழுத்தல்ல, ஆறு. அதனால் தமிழ்ப் பதிலில் அலமாரி எண்ணையும் புத்தகத்தின் பெயரையும் மட்டும் எழுதுங்கள். மற்றதை அடுத்த செய்தியில் அனுப்பலாம்.