மூன்று பிளைவூட் தாளில் ஒரு பாய்ப்படகு: மலையகத்தில் வீட்டிலேயே கட்டுவது எப்படி?

கரையோரத்தில் படகு கட்டுபவருக்கு வெயில் சும்மா கிடைக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தில் மரம் அறுப்பதெல்லாம் சின்ன வேலை; பசையைக் காய வைப்பதுதான் பெரிய வேலை. அதனால் ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் ஒட்டு வேலையை முடித்துவிடுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது.

இது தட்டையான அடி கொண்ட பெட்டிப் படகு. நீளம் 7 அடி 9 அங்குலம், அகலம் ஏறத்தாழ 4 அடி. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் போகலாம். பார்க்க அழகாக இராதுதான். ஆனாலும் முதல் படகிலேயே கூர்மூக்கு வளைக்கப் போய்ப் பலகையை உடைப்பதைவிட இது மேல்.

வாங்க வேண்டியவை

8க்கு 4 அடி, 6 மி.மீ. மரைன் (தண்ணீர் தாங்கும்) பிளைவூட் 3 தாள். சுக்கானுக்கு 18 மி.மீ. வெட்டுத்துண்டு. முக்கால் அங்குலச் சதுரச் சட்டம் 70 அடி. எபொக்சிப் பசை (பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் சேர்த்து) 5 கிலோ, 3 அங்குலக் கண்ணாடியிழை நாடா 10 மீற்றர், துருப்பிடிக்காத முக்கால் அங்குலத் திருகாணி 200.

கடைக்காரர் ‘மரைன்’ என்றாலும் ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, காயவிட்டு, மறுபடி கொதிக்கவையுங்கள். ஏடு பிரிந்தால் அது அலுமாரிக்குத்தான் ஆகும்.

மரக்காலையில் கிடைக்கும் சைப்ரஸ், பைனஸ் சட்டங்கள் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். வீட்டுக்குள் இடைவெளி விட்டு அடுக்கி, கூடவே இரு முனையிலும் பெயின்ட் பூசிய ஒரு அடித் துண்டையும் வையுங்கள். வாரம் ஒருமுறை அந்தத் துண்டை நிறுத்துப் பார்த்து, நிறை குறைவது நின்ற பிறகே ஒட்டுங்கள். ஈரச் சட்டம் பிறகு சுருங்கி ஒட்டைப் பிளந்துவிடும்.

வெட்டுதல்

பக்கப் பலகையின் மேல்விளிம்பு நேர்க்கோடு, கீழ்விளிம்பு வளைவு. முன்முனையிலிருந்து அளந்து ஆழம் குறியுங்கள்: தொடக்கத்தில் 9 அங்குலம், 2 அடியில் 14¼, 4 அடியில் 16, 6 அடியில் 14½, கடைசியில் 11. அந்தப் புள்ளிகளில் மெல்லிய சட்டத்தை வளைத்துக் கோடு இழுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தே சீவுங்கள். பக்கத்தை முழு 8 அடிக்கு வெட்டினால் அடிப்பலகை எட்டாது. வளைவுக்கு நேர்நீளத்தைவிட ஓர் அங்குலம் கூடத் தேவை.

முன், பின் பலகைகள் 47 அங்குல அகலம். முன்முனையிலிருந்து 18 அங்குலத்தில் ஒரு தடுப்பு, பின்முனையிலிருந்து 12 அங்குலத்தில் இன்னொன்று. திறக்கக்கூடிய மூடி வைத்து இவற்றுக்கு மேல் மூடினால் இரண்டு காற்றறைகள் கிடைக்கும். அவை இல்லாமல் கவிழ்ந்தால் படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பும். தனியாள் நிமிர்த்த முடியாது.

கீழ்விளிம்புச் சட்டங்களை உட்பக்கமாக ஒட்டி, 6 அங்குலத்துக்கொரு திருகாணி போட்டு, கூட்டைச் சேருங்கள். அடிப்பலகை போடுமுன் இரு மூலைவிட்டங்களையும் அளவுநாடாவால் பாருங்கள். அரை அங்குல வித்தியாசம் இருந்தாலும் படகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

எபொக்சி

பலர் தோற்பது இங்கேதான். குளிருகிறது என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றாதீர்கள். பொலியெஸ்டர் பிசினில் அது ஓரளவு நடக்கும். எபொக்சியில் கூடின ஹார்ட்னர் சேராமல் நின்று பசையை மென்மையாகவே வைத்துவிடும். டப்பாவில் போட்டிருக்கும் நிறை விகிதப்படி தராசில் நிறுத்தே கலக்குங்கள். ‘ஃபாஸ்ட்’ ஹார்ட்னர் கேட்டு வாங்குங்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான், ‘ஸ்லோ’ வகைக்கு அது போதாது.

காலை மூடுபனி விலகியதும் பூசத் தொடங்கி நண்பகலுக்குள் முடியுங்கள். பிற்பகல் பனி இறங்கினால் மேலே மெழுகுபோல ஒரு படலம் கட்டும். அதைச் சாண்ட்பேப்பரால் தேய்த்தால் உள்ளேதான் போகும், மேலே அடிக்கும் பெயின்ட் உரிந்துவரும். முதலில் வெறும் தண்ணீரால் துணி போட்டுக் கழுவுங்கள், பிறகு தேயுங்கள். சூட்டுக்குத் தார்ப்பாயின் கீழ் குண்டுபல்பு எரியவிடலாம், பலகையிலிருந்து தள்ளி. கரி அடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் கூடவே கூடாது: புகை மூடிய இடத்தில் உயிருக்கு ஆபத்து, அவை விடும் நீராவியும் கரியமிலவாயுவும் படலத்தை இன்னும் கூட்டும்.

மூலைகளை நிரப்பப் பசையில் நுண்ணிய மரத்தூளைக் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத களியாக்குங்கள். வெளிமூலைகளில் நாடா ஒட்டுங்கள்.

பாயும் பாய்மரமும்

பாய்மரம் 12 அடி பைனஸ், அடியில் 2½ அங்குலம், நுனியில் 1½. நீலத் தார்ப்பாயில் முக்கோணம் வெட்டுங்கள்: மரத்தோரம் 10 அடி, கீழே 7 அடி, 35 சதுர அடி. மலையிடுக்கில் காற்று திடீரென்று திசை மாறி அறையும். பெரிய பாய் வேண்டாம்.

பாய்மரம் முன்தடுப்பை ஒட்டி நிற்கட்டும். படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்கத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் தனிப் பலகை ஒன்றை, முன்முனையிலிருந்து 4 அடியில், வெளிப்பக்கம் ஒரே போல்ட்டில் மாட்டுங்கள். சுக்கானை விட்டதும் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பினால் சரி. எதிர்ப்பக்கம் ஓடினால் பலகையைச் சற்று முன்னே நகர்த்துங்கள்.

அந்தப் பலகை அடிபட்டால் மேலெழும்ப வேண்டும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் நிறைந்த நாளில் அவை அடியில்தான் இருக்கின்றன. அனுமதி பெற்று, உயிர்காப்பு அங்கி போட்டு, அணைக்கட்டுக்கும் வான்கதவுக்கும் நன்றாகத் தள்ளியே ஓட்டுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கவிழ்த்து வைத்து, காற்றறை மூடிகளைத் திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் பிளைவூட் உள்ளிருந்து உளுத்துப்போகும்.