1867-இல் மாநகராட்சியான சேலம்: கோப்பு மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை நண்பர் ஒருவருக்காக ஊரைப் பற்றிய சிறு கையேட்டை, சிறு குறிகளாலேயே தலைப்பும் பட்டியலும் காட்டும் எளிய எழுத்து வடிவமான மார்க்டவுனில் எழுதி, கோப்பு வடிவங்களை மாற்றும் கருவியான பாண்டாக் மூலம் வேர்டு கோப்பாக்கி அனுப்பினேன். மாலையில் அவரே அழைத்தார். சேலம் 1867-இலேயே மாநகராட்சி ஆகிவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார்.

நான் எழுதியது வேறு. ஒரு வரியில் “1866. நகராட்சி உருவானது”, அடுத்த வரியில் “1994. மாநகராட்சி ஆனது”. வரித் தொடக்கத்தில் எண், புள்ளி, இடைவெளி மூன்றும் வந்தால் மார்க்டவுனுக்கு அது எண்ணிட்ட பட்டியல். பாண்டாக் முதல் எண்ணை மட்டும் மதிக்கும். அடுத்தவற்றைத் தானே வரிசையாகப் போட்டுக்கொள்ளும். 127 ஆண்டுகள் சத்தமில்லாமல் போய்விட்டன. புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும். நான் இப்போதெல்லாம் “1866-இல்” என்றே எழுதிவிடுகிறேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏற்காட்டு விளைச்சல் என்று ஒரு வரி எழுதி, அதை ஒட்டியே காபி, மிளகு, ஆரஞ்சு என்று வரிக்கு ஒன்றாக, முன்னால் சிறுகோடு இட்டு அடுக்கினால், எல்லாம் ஒரே பத்தியாகக் குழைந்துவிடும். நடுவில் ஒரு வெற்று வரி வேண்டும். வேறு செயலிகளின் முன்னோட்டத்தில் இது பட்டியலாகவே தெரியும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

பிடிஎஃப் எடுக்கும்போதுதான் தமிழுக்கு உண்மையான சோதனை. பிடிஎஃப் உருவாக்க பாண்டாக் வழக்கமாக அழைக்கும் நிரலான பிடிஎஃப்-லாடெக், தமிழைக் கண்டதும் பிழை சொல்லி நின்றுவிடும், அதுகூட நல்லது. தமிழையும் கையாளக்கூடிய ஸீலாடெக் நிரலுக்கு மாறிவிட்டு எழுத்துருவைச் சொல்ல மறந்தால்தான் ஆபத்து. எச்சரிக்கைகள் திரையில் ஓடும், கோப்பும் பிறக்கும். திறந்து பார்த்தால் ஆண்டுகளும் காற்புள்ளிகளும் மட்டும் வெள்ளைத்தாளில் சிதறிக் கிடக்கும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை முதன்மை எழுத்துருவாகக் குறிப்பிடுங்கள். அதன் எழுத்துமுறை தமிழ் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கலாம்.

எச்டிஎம்எல் எடுக்கும்போது ‘ஸ்டாண்டலோன்’ தெரிவை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் வருவது தலைப்பகுதி அற்ற துண்டு. எந்த எழுத்துக் குறியாக்கம் என்று அதில் அறிவிப்பு இருக்காது. உலாவி தவறாக ஊகித்தால் தமிழ் முழுவதும் கிறுக்கலாகிவிடும்.

பழைய கோப்புகள் தனிக் கதை. ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவர் தந்த வேர்டு கோப்புகளை மாற்றியபோது வந்ததெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பாண்டாக்கைத் திட்டிப் பயனில்லை. அவை ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு என்ற முகமூடி கழன்றதும் உண்மை முகம் வெளியே வருகிறது. இதற்கு எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் கருவி உதவாது. முதலில் பாமினியை யூனிகோடாக்கும் கருவியில் போட்டெடுக்க வேண்டும்.

உடுக்குறி (*) போட்டு ஒரே கட்டளையில் எல்லாக் கோப்புகளையும் கொடுப்பவர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மாறும் என்று நினைக்கிறார்கள். பாண்டாக் அவற்றை ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாகத் தரும். வரிசையும் அகர வரிசைதான்: அத்தியாயம் 1-க்குப் பின் 10, அப்புறம்தான் 2. கோப்புப் பெயரில் 01, 02 என்று வையுங்கள். தனித்தனியாக வேண்டுமென்றால் கட்டளைகளை இயக்கும் ஷெல்லில், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றும் ஒரு சுற்று (லூப்) எழுதுங்கள்.

2006-இல் பாண்டாக்கை வெளியிட்ட ஜான் மெக்ஃபார்லேன் தத்துவப் பேராசிரியர். ஆனால் அவருடைய கருவி, ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதலாமா என்று ஒரு கேள்விகூடக் கேட்காது. வேர்டில் நண்பர் கையால் செய்த திருத்தங்களின் மேல் நான் அப்படித்தான் மறுபடி கட்டளையை ஓட்டினேன். இப்போது வெளியீட்டுக் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துவிடுகிறேன்.